பலகையை மாற்றிக்கொள்ளுங்கள், தூணில் கை வைக்கும் முன் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்

மத்திய ரயில்வேயின் மும்பை கோட்ட மேலாளர் அவர்களுக்கும், சி.எஸ்.எம்.டி. (சத்ரபதி சிவாஜி மகாராஜ் டெர்மினஸ்) – குர்லா ஐந்தாவது, ஆறாவது தடங்களுக்குக் கோடு போட்டுக்கொண்டிருக்கும் பொறியாளர்களுக்கும் வணக்கம்.

சாண்ட்ஹர்ஸ்ட் ரோடு நிலையத்தைப் பற்றித்தான் இந்த மடல். பெயர் மாற்றத்தை எதிர்க்க இன்னொருவர் கிளம்பிவிட்டார் என்று மூடி வைத்துவிடாதீர்கள், விஷயம் அது இல்லை. 2024 மார்ச்சில் மாநில அமைச்சரவை மும்பையில் எட்டு ஸ்டேஷன்களுக்குப் புதுப் பெயர் தீர்மானித்தது. கரி ரோடு லால்பாக் ஆகும், காட்டன் கிரீன் காலாசௌக்கி ஆகும், டாக்யார்டு ரோடு மஜ்காவ் ஆகும், எங்கள் மாட்டுங்காக்காரர்களின் கிங்ஸ் சர்க்கிள் தீர்த்தங்கர் பார்ஷ்வநாத் ஆகும், சாண்ட்ஹர்ஸ்ட் ரோடு டோங்கிரி ஆகும் என்றார்கள். ஆகட்டும். அந்தப் பேட்டையில் இருப்பவர்களுக்கு அது என்றைக்கும் டோங்கிரிதான். வி.டி.யை, அதாவது விக்டோரியா டெர்மினஸை, 1996-ல் சி.எஸ்.டி. ஆக்கினீர்கள், 2017-ல் நடுவே ஒரு 'மகாராஜ்' சேர்த்தீர்கள், செம்பூரில் ஏறும் எங்கள் ஆட்கள் இன்றைக்கும் "வி.டி.க்குப் போறேன்" என்றுதான் சொல்கிறார்கள், வண்டியும் போய்ச் சேருகிறது. பலகையில் எழுத்து மாறினால் எழுத்துதான் மாறும், வேண்டுமானால் நாளைக்குத் திரும்பவும் மாற்றிக்கொள்ளலாம். நான் கேட்க வந்தது அந்தப் பலகை மாட்டியிருக்கும் இரும்பைப் பற்றி. அதைக் கழற்றிவிட்டால் கழற்றியதுதான்.

உங்களுக்குத் தெரிந்த கதைதான், ஊரிலிருந்து படிக்கும் தமிழர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிட்டு வருகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். சாண்ட்ஹர்ஸ்ட் ரோடு இரண்டு அடுக்கு ஸ்டேஷன். கீழே மெயின் லைன், தாணா, கல்யாண் போகும் ஸ்லோ வண்டிகள் நிற்கும் (ஃபாஸ்ட் நிற்காது, பைகுல்லாவை விட்டால் நேரே சி.எஸ்.எம்.டி.தான்). மேலே ஹார்பர் லைன், வடாலா, குர்லா, செம்பூர், வாஷி, பன்வெல் போகிறவர்களுக்கு. ஏன் மேலே தூக்கி வைத்தார்கள் என்றால், சி.எஸ்.எம்.டி.யில் ஹார்பர் வண்டிகள் நிற்கும் ஒன்று, இரண்டாம் பிளாட்பாரங்கள் மேற்கு ஓரத்தில் இருக்கின்றன, துறைமுகமோ கிழக்கே. நடுவில் மெயின் லைன் கிடக்கிறது. அத்தனை தடத்தையும் தரையிலேயே குறுக்கே வெட்டிக்கொண்டு போனால் ஒரு ஹார்பர் வண்டி கடப்பதற்காக மற்ற வண்டியெல்லாம் சிக்னலில் காத்து நிற்க வேண்டும். அதனால் மஸ்ஜித் ஸ்டேஷன் தாண்டியதும் தடம் ஏற ஆரம்பிக்கிறது, டோங்கிரியில் மெயின் லைனின் தலைக்கு மேலேயே பிளாட்பாரம் போட்டு நிற்கிறது, அப்புறம் அப்படியே கிழக்கே ஒடித்துக்கொண்டு டாக்யார்டு ரோட்டுக்குப் போகிறது. இடம் இல்லாத ஊரில் இடத்தை மேலே தேடிய வேலை. இன்றைக்கு மெட்ரோவுக்குத் தூண் போடுகிறவர்கள் செய்வதும் இதுதான், ஆனால் இது நடந்தது 1920-களில்.

ஹார்பர் கிளை முதலில் குர்லாவிலிருந்து ரே ரோடு வரைதான், 1910 டிசம்பர் 12 அன்று தொடங்கியது. அதற்குப் பிறகு பதினான்கு வருடத்துக்கு மேல் அங்கேயே நின்றது. டாக்யார்டு ரோட்டுக்கும் சாண்ட்ஹர்ஸ்ட் ரோட்டுக்கும் நடுவே இந்த உயர்தடம் எழுந்த பிறகுதான் வி.டி.யோடு சேர்ந்தது. சேர்ந்த நாள் எது தெரியுமா, 1925 பிப்ரவரி 3. இந்தியாவின் முதல் மின்சார ரயில் வி.டி.யிலிருந்து குர்லாவுக்கு ஓடிய அதே நாள்! கவர்னர் லெஸ்லி வில்சன் வந்து தொடங்கி வைத்தார், நான்கு பெட்டி, 1500 வோல்ட் நேர் மின்சாரம். அந்த வண்டி இந்த மேல் பிளாட்பாரம் வழியாகத்தான் போனது. சென்னைவாசிகள் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்: கடற்கரை – தாம்பரம் மின்சார வண்டி வந்தது 1931-ல், பறக்கும் ரயில் வந்தது 1995-ல். இந்த இரண்டும் சேர்ந்த ஒன்று, மின்சார வண்டி, அதுவும் அந்தரத்தில், டோங்கிரியில் 1925-லேயே ஓடிவிட்டது. 2025 பிப்ரவரியில் மின்மயமாக்கலுக்கு நூற்றாண்டு என்று ரயில்வே கொண்டாடியது, நல்லதுதான். கொண்டாட்டத்தில் பேசியதெல்லாம் மின்சாரத்தைப் பற்றி, வண்டியைப் பற்றி. அந்த வண்டியைத் தூக்கிப் பிடித்த தூண்களுக்கும் அதே நூறு வயது. அதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

உங்கள் அலுவலகத்தில் யாராவது ஒருவர், ஆய்வு வண்டியில் வராமல் சாதாரண சீசன் டிக்கெட்காரராக வந்து, கீழ் பிளாட்பாரத்தில் ஒரு தூணில் முதுகைச் சாய்த்து நின்று பாருங்கள். ரிவெட் தலைகள் வரிசையாக இருக்கும், பெயின்ட் மேல் பெயின்ட் அடித்து அடித்து ஓரமெல்லாம் மழுங்கிப் போய், கை வைத்தால் மொழுமொழுவென்று கொப்புளம் மாதிரி இருக்கும். ஆள் தோள்பட்டை உரசுகிற உயரத்தில் மட்டும் பளபளப்பு, அதற்கு மேலே புறா எச்சம். மேலே பன்வெல் வண்டி வரும்போது முதலில் காதில் விழாது, முதுகில்தான் தெரியும். லேசாக ஒரு நடுக்கம், அப்புறம்தான் சத்தம். அதே நேரம் பக்கத்துத் தடத்தில் ஸ்லோ வண்டி நுழைந்தால் இரண்டு சத்தமும் கலந்து, ஃபோனில் பேசிக்கொண்டிருக்கும் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் "ஹலோ ஹலோ" என்று கத்துவார்கள். மேலே ஏறிப் போனால் வேறு உலகம். பழைய கட்டிடங்களின் மேல்மாடி ஜன்னல்கள் கண்ணுக்கு நேரே வரும், கம்பியில் காயும் துணி, பால்கனியில் உட்கார்ந்து வெங்காயம் உரிக்கும் பாட்டி, வண்டி நகர நகர ஒவ்வொரு வீடாக வந்து போகும். மும்பையில் ஒரு பேட்டையை அதன் மாடி உயரத்தில் இவ்வளவு கிட்டத்தில் பார்க்க அதிக இடம் கிடையாது. பயணிகள் இதை ரசிக்கிறார்களா என்று கேட்டால், பாதிப் பேர் வாசலில் தொங்கிக்கொண்டிருக்கிறார்கள், அவர்களுக்கு வேறு கவலை.

யார் யார் வருகிறார்கள் என்பதும் முக்கியம். ஜே.ஜே. ஆஸ்பத்திரி நடக்கிற தூரம், 1845-ல் தொடங்கியது, இன்றைக்கும் ஏழைகளுக்குப் பெரிய நம்பிக்கை. எக்ஸ்ரே கவரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இன்னொரு கையில் நோயாளியைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களை இந்தப் படிகளில் பார்க்கலாம். கோவண்டி, மான்கூர்டு, ஜி.டி.பி. நகர், ஆண்டாப் ஹில் பக்கத்துத் தமிழர்களும் அதில் உண்டு. மஸ்ஜித் பந்தர் மசாலாக் கடைகளுக்கும் தானா பந்தர் மண்டிகளுக்கும் சரக்கு எடுக்கிறவர்கள், சுமை தூக்குகிறவர்கள், டோங்கிரி தர்காவுக்கு வருகிறவர்கள், இவர்களோடு மெயின் லைனில் வந்து இறங்கி ஹார்பர் பிடிக்க மேலே ஓடுகிறவர்கள். முலுண்டிலிருந்து ஸ்லோவில் வந்து டாக்யார்டு ரோடு போகிறவர் மஸ்ஜித் வரை போய்த் திரும்ப வேண்டியதில்லை, இங்கே படி ஏறினால் போதும். அந்தக் காலத்துக் கோடு இன்னும் வேலை செய்கிறது. இதனால்தான் இதைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கச் சொல்லி நான் எழுதவில்லை. ஓடட்டும், வேலை செய்யட்டும். வேலை செய்கிறபடியே காப்பாற்றுங்கள் என்கிறேன்.

சாண்ட்ஹர்ஸ்ட் பிரபுவைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், பெயர் போனால் இந்தக் கதையும் போய்விடும் என்பதால். 1895 முதல் 1900 வரை பம்பாய் கவர்னர். அவர் காலத்தில்தான் பிளேக் வந்தது. 1896 செப்டம்பரில் அதை முதலில் கண்டுபிடித்தது டாக்டர் அகாசியோ வியேகாஸ், கண்டுபிடித்த இடம் மாண்ட்வி, இந்த ஸ்டேஷனுக்குப் பக்கத்துப் பேட்டைதான். விஞ்ஞானி ஹாஃப்கின் பிளேக் தடுப்பூசி தயாரித்தது ஜே.ஜே. வளாகத்திலிருக்கும் கிராண்ட் மெடிக்கல் காலேஜில், 1897 ஜனவரியில் முதல் ஊசியைத் தனக்கே போட்டுக்கொண்டார். புனேயில் பிளேக் அதிகாரி ராண்ட் சுடப்பட்டது, திலகர் மேல் ராஜத்துரோக வழக்குப் போட்டது எல்லாம் இதே கவர்னர் காலத்தில் நடந்தவை. ஆக அவரைக் கும்பிட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் பிளேக்குக்குப் பிறகு 1898-ல் அமைத்த பம்பாய் நகர மேம்பாட்டு டிரஸ்ட், நெருக்கடியான பேட்டைகளைப் பிளந்து காற்று வர அகலச் சாலை போட்டது, சாண்ட்ஹர்ஸ்ட் ரோடு என்ற சாலை அப்படி வந்ததுதான், இன்றைக்கு அது சர்தார் வல்லபாய் படேல் ரோடு. சாலைக்குப் பெயர் மாறிப் பல காலம் ஆகியும் ஸ்டேஷன் மட்டும் பழைய பெயரைச் சுமந்துகொண்டு நிற்கிறது.

அதே டிரஸ்ட்தான் தாதர், மாட்டுங்கா, வடாலா, சயான் பக்கம் வயலும் சதுப்புமாகக் கிடந்த நிலத்தில் மனை பிரித்துத் தெரு போட்டது. தமிழர்கள் வந்து உட்கார்ந்து காபிக் கடை, கோயில், பள்ளிக்கூடம், பூக்கடை என்று ஊன்றிக்கொண்ட மாட்டுங்காவும் அந்தத் திட்டத்தில் முளைத்ததுதான். டோங்கிரியில் சாலை போட்டு, மாட்டுங்காவில் மனை பிரித்த ஒரே கை. மாட்டுங்காவில் உட்கார்ந்துகொண்டு "டோங்கிரிக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்" என்று கேட்கிற எங்கள் பெரிசுகளுக்காகவும் இதைச் சொல்கிறேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

குர்லா வரையான ஐந்தாவது, ஆறாவது தடம் 2008-லிருந்து பேச்சில் இருக்கிறது, எம்.யு.டி.பி. என்கிற மும்பை நகரப் போக்குவரத்துத் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில் வந்தது. முதலில் குர்லா – பரேல், அப்புறம் பரேல் – சி.எஸ்.எம்.டி. அந்த இரண்டாவது பாதி வரும்போது டோங்கிரியில் எங்கே இடம் கிடைக்கும்? இரண்டு பக்கமும் கட்டிடம், நடுவே தடம், தடத்துக்கு நடுவே இந்தத் தூண்கள். வெளியூர் வண்டியையும் லோக்கலையும் பிரிக்கத் தடம் வேண்டும், அதை மறுக்கிற முட்டாள்தனம் எனக்கு இல்லை. கல்யாணிலிருந்து தொங்கிக்கொண்டு வருகிறவனிடம் போய் "பழைய தூண் முக்கியம், நீ இன்னும் பத்து வருஷம் தொங்கு" என்று யார் சொல்ல முடியும்? நான் கேட்பது: எந்தத் தூண் நிற்கும், எது போகும், மேல் பிளாட்பாரம் இதே இடத்தில் இருக்குமா, இதை முடிவு எடுத்த பிறகு பத்திரிகையில் பார்த்துத் தெரிந்துகொள்ளும்படி வைக்காதீர்கள். வரைபடத்தை முன்கூட்டியே ஸ்டேஷன் சுவரில் ஒட்டுங்கள், மராத்தியிலும் இந்தியிலும் உருதுவிலும். (தமிழில் வேண்டாம், எங்களுக்கு இந்த ஊரில் மராத்தி பழகிவிட்டது.)

இப்படிக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே ஹான்காக் பாலம் இருந்தது, 1879-ல் கட்டியது. உயரம் போதாது, கீழே போகும் வண்டிக்கும் 25,000 வோல்ட் கம்பிக்கும் இடைஞ்சல் என்று 2016 ஜனவரியில் இடித்தார்கள். காரணம் சரியான காரணம்தான். ஆனால் புதுப் பாலத்தில் ஒரு பாதியாவது வண்டி போக 2022 ஆகஸ்ட் ஆனது. இந்தப் பக்கம் டோங்கிரி, அந்தப் பக்கம் மஜ்காவ், பள்ளிக்கூடப் பிள்ளைகள் உட்பட எல்லாரும் சுற்ற வேண்டும், இல்லை தண்டவாளத்தைத் தாண்ட வேண்டும். இடிப்பது ஒரு இரவு வேலை, கட்டுவது யாருடைய வேலை என்று முடிவாகவே வருஷக்கணக்கில் ஆகிறது, ரயில்வே மாநகராட்சியைக் காட்டும், மாநகராட்சி ரயில்வேயைக் காட்டும். மேல் பிளாட்பாரத்துக்கும் அந்தக் கதி வந்தால், ஜே.ஜே.க்கு வரும் அந்த எக்ஸ்ரே கவர் ஆசாமிகள் எங்கே போவார்கள்?

எல்ஃபின்ஸ்டன் ரோட்டை நினைத்தால் இன்னும் கோபம் வருகிறது. 2017 செப்டம்பர் 29, குறுகலான நடைமேம்பாலத்தில் 23 பேர் நெரிசலில் செத்தார்கள். அப்புறம் ராணுவம் வந்து புதுப் பாலம் போட்டது, 2018 பிப்ரவரியில் திறந்தது. அதே ஆண்டு ஜூலையில் ஸ்டேஷன் பிரபாதேவி ஆனது. பெயர் மாறுவதற்குக் கோப்பு நகர்ந்த வேகத்தையும் படிக்கட்டு அகலமாவதற்குக் கோப்பு நகர்ந்த வேகத்தையும் நீங்களே பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். சாண்ட்ஹர்ஸ்ட் ரோட்டுக்குப் பெயர்ப் பலகை மாற்றும் அன்றைக்கே, மேலுக்கும் கீழுக்கும் நடுவிலுள்ள படிகளைக் காலைக் கூட்டத்தில் ஒருமுறை அளந்துவிடுங்கள், எவ்வளவு பேர் ஏறுகிறார்கள், எவ்வளவு பேர் இறங்குகிறார்கள், மழை நாளில் எந்தப் படியில் மக்கள் ஒதுங்கி நின்று வழியை அடைக்கிறார்கள் என்று. பெயர் மாற்றத்துக்குச் செய்கிற செலவோடு செலவாக.

பழையதைக் காப்பாற்ற ரயில்வேக்குத் தெரியாது என்றும் நான் சொல்ல மாட்டேன். கீழ்த் தடத்தில் அடுத்த ஸ்டேஷன் பைகுல்லாவையே எடுத்துக்கொள்ளுங்கள். வெளியாட்களோடு சேர்ந்து, வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே, பூசி மறைத்ததையெல்லாம் சுரண்டி எடுத்துப் பழைய அழகுக்குக் கொண்டுவந்தீர்கள், 2022-ல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் பாரம்பரிய விருது வந்தது. பைகுல்லா கல்லும் மரமுமாகப் பார்த்ததும் கண்ணைப் பறிக்கும், கேமரா அங்கே போகும். சாண்ட்ஹர்ஸ்ட் ரோடு வெறும் இரும்பு. கோபுரம் கிடையாது, வண்ணக் கண்ணாடி கிடையாது, யாரும் செல்ஃபி எடுக்க மாட்டார்கள். அதனால்தான் பயமாக இருக்கிறது. அழகான கட்டிடத்தை இடிக்கப் போனால் நாலு பேர் கத்துவார்கள். இந்தத் தூண்களைக் கழற்றி எடைக்குப் போட்டால் பழைய இரும்புக்காரர் தவிர யாருக்கும் தெரியவராது.

ஆகவே, எதையாவது எடுத்தே ஆக வேண்டும் என்றால், எடுப்பதற்கு முன்பு முழு அமைப்பையும் அளந்து, வரைந்து, படம் எடுத்து வையுங்கள், அதைப் பொதுவில் வெளியிடுங்கள். பழைய கால வரைபடங்கள் உங்கள் கிடங்கில் இருந்தால் அதையும் சேர்த்து. கழற்றும் தூண்களில் சிலவற்றையாவது அந்த ஸ்டேஷன் வளாகத்திலேயே நிறுத்தி வையுங்கள், ஏலத்துக்கு அனுப்ப வேண்டாம். டோங்கிரி என்று புதுப் பலகை வைக்கும்போது கூடவே ஒரு சின்னப் பலகை, மாண்ட்வி பிளேக், டிரஸ்ட், 1925 வண்டி, ஹார்பர் தடம் ஏன் மேலே ஏறியது, இவ்வளவு போதும். 1882-ல் திலகரும் அவர் தோழர் அகர்கரும் டோங்கிரி சிறையில் 101 நாள் இருந்தார்கள், அதையும் போடுங்கள், புதுப் பெயருக்கும் ஒரு கதை வேண்டுமே. அப்புறம் லிஃப்ட், எஸ்கலேட்டர் விஷயத்தில் தயவுசெய்து பொறியாளர்களை மட்டும் கேட்டு முடிவெடுக்காதீர்கள், ஜே.ஜே. வெளிநோயாளிப் பிரிவில் காலையில் வரிசையில் நிற்பவர்களைக் கேளுங்கள், அவர்கள் எந்தப் படியில் மூச்சு வாங்குகிறது என்று விரல் வைத்துக் காட்டுவார்கள்.

மும்பையில் இருக்கும் தமிழ் அமைப்புகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும், பொங்கலுக்கும் பட்டிமன்றத்துக்கும் மேடை போடுவதோடு இதையும் செய்யலாம். திருநெல்வேலி, சேலம் பக்கமிருந்து வந்து துறைமுகத்திலும் பருத்திக் கிடங்கிலும் வேலை பார்த்து, இந்த ஹார்பர் லைனிலேயே ஆயுசைக் கழித்த பெரியவர்கள் தாராவியிலும் கோலிவாடாவிலும் இன்னும் இருக்கிறார்கள். ரே ரோட்டில் எந்த கேட் வழியாக உள்ளே போவார்கள், ஷிப்ட் விட்டால் எந்த வண்டி, அந்த வண்டியில் எந்தப் பெட்டியில் தமிழ்க் கூட்டம் உட்காரும், எந்தப் பெட்டியில் பஜனை, எதில் சீட்டாட்டம் என்றெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். ஒரு ஃபோனை வைத்துப் பதிவு செய்தால் போதும். ரயில்வே இரும்பை அளந்து வைக்கட்டும், நாம் இதைச் செய்வோம். ரயில்வே செய்யாவிட்டாலும் நாம் செய்வோம், அதற்கு யாருடைய ஒப்புதலும் தேவையில்லை.

இந்த மடலின் மராத்திப் பிரதியும் உங்களுக்கு வருகிறது. பதில் போடுவதானால் எனக்குத் தனியாக வேண்டாம், மேல் பிளாட்பாரத்தில் எல்லாரும் படிக்கிற மாதிரி ஒட்டுங்கள். ஒட்டும்போது கொஞ்சம் உயரமாக, ஆட்கள் சாய்கிற இடத்துக்கு மேலே. கீழே ஒட்டினால் ரெண்டு நாளில் தேய்ந்துவிடும்.

இப்படிக்கு,
செம்பூரிலிருந்து ஹார்பரில் வரும் ஒரு பயணி